கற்க வருபவருக்குக் கொடையாளி பட்டம் எதற்கு?

ஜூன் பிறந்தால் வட அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் குவாத்தமாலாவின் மேற்கு மலைநாட்டில் வந்து இறங்குகிறார்கள். அதித்லான் ஏரிக்கரை ஊர்களிலும் கெட்சால்தெனாங்கோவைச் சுற்றிய மாயா பழங்குடிக் கிராமங்களிலும் ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆறு வாரமோ எட்டு வாரமோ இன்டர்ன்ஷிப். அடுப்பு கட்ட உதவுவார்கள், சத்துணவு வகுப்பு எடுப்பார்கள், பெண்கள் குழுவுக்குத் திட்ட அறிக்கை எழுதுவார்கள். நல்ல மனசோடு போகிற பிள்ளைகள், ஒன்றுமில்லாத ஜனங்களுக்கு அவர்களால் கொஞ்சமாவது நன்மை நடக்காதா என்பது பெற்றோர், பேராசிரியர், நன்கொடையாளர் எல்லோருடைய நம்பிக்கையும். நான் மறுப்பது இந்த நம்பிக்கையைத்தான். அந்தப் பிள்ளைகளின் நல்ல மனசில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த ஜனங்கள் ஒன்றுமில்லாதவர்கள் என்பதுதான் பொய்.

டோடோனிகபானை எடுத்துக்கொள்ளுங்கள். கிச்செ என்ற மாயா மொழி பேசும் அந்த ஊரில் ‘48 கன்டோன்கள்’ என்ற சமூக நிர்வாகம் இருக்கிறது. பொறுப்பாளர்களை மக்கள் சபை கூடித் தேர்ந்தெடுக்கிறது. தேர்வானவர்கள் ஓராண்டு முழுக்கச் சம்பளமில்லாமல் ஊர்ப்பணி செய்கிறார்கள். பொதுக்காட்டையும் நீர் ஊற்றுகளையும் காக்கிறார்கள். 2023 அதிபர் தேர்தலில் வென்ற பெர்னார்தோ அரேவலோ பதவியேற்க முடியாதபடி அரசு வழக்குரைஞர் தலைமையகம் வழக்குமேல் வழக்குப் போட்டபோது, அக்டோபரில் நாட்டின் சாலைகளை மறித்தவர்கள் இந்தப் பழங்குடி நிர்வாகிகள். தலைநகரில் அந்த அலுவலகத்தின் வாசலிலேயே நூறு நாட்களுக்கு மேல் முகாமிட்டு உட்கார்ந்தார்கள். 2024 ஜனவரியில் அரேவலோ பதவியேற்றார். ஒரு நாட்டின் வாக்குச்சீட்டைக் காப்பாற்றிய மக்களுக்குத் தலைமைப் பண்பு கற்றுத்தர இருபது வயதுப் பிள்ளையை அனுப்பலாம் என்ற எண்ணமே அவமதிப்பு.

அப்படியானால் வறுமை எதனால்? 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களும் இரண்டு லட்சம் பேர் என்று உண்மை அறியும் ஆணையம் 1999இல் கணக்கிட்டது. அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் மாயா மக்கள். கூட்டுறவுச் சங்கம் நடத்தியவர், எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர், நிலத்துக்காகப் பேசியவர் என்று கிராமம் எழுந்து நிற்கத் தேவையான ஆட்களையே ராணுவம் குறிவைத்தது. நல்ல நிலம் பெருந்தோட்டங்களின் கையில். மாயா குடும்பத்துக்குச் சரிவில் ஒரு துண்டு. ஐந்து வயதுக்குட்பட்ட குவாத்தமாலாக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள்; மாயா குழந்தைகளில் இது இன்னும் அதிகம். வாங்கக் காசில்லாத தாயைக் கூப்பிட்டு உட்காரவைத்து முட்டையின் சத்தைப் பற்றி வகுப்பெடுப்பதால் எந்தக் குழந்தையும் வளராது.

வகுப்பாவது அவளுக்குப் புரிகிற மொழியில் நடக்கிறதா? குவாத்தமாலாவில் இருபதுக்கு மேல் மாயா மொழிகள் வழங்குகின்றன. மாணவர் கொண்டுவருவது அரைகுறை ஸ்பானிஷ். நிறுவனத்தில் வேலை பார்க்கும் உள்ளூர்ப் பெண் தன் வேலையை நிறுத்திவிட்டு அதைக் கக்சிகேல் போன்ற மாயா மொழியில் சொல்ல வேண்டும். தங்குமிடம் பார்ப்பது, வழி காட்டுவது, வயிற்றுப்போக்கு வந்தால் மருத்துவரிடம் கூட்டிப்போவது எல்லாம் அவள் தலையில்தான். மாணவர்கள் பழகி முடிக்கும்போது விமானம் ஏறிவிடுவார்கள். மறு ஆண்டு வேறு பிள்ளைகள், மறுபடி முதலிலிருந்து. அவளுடைய இந்த உழைப்பு எந்த ஆண்டறிக்கையிலும் ஏறுவதில்லை.

வெளியாரே வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வந்து உருப்படியாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். சான் மார்கோஸ் மலைகளில் மூன்று கல் அடுப்பின் புகைக்கும் குழந்தைகளின் நிமோனியாவுக்கும் உள்ள தொடர்பை ஆராய 1990களிலேயே தயாரிப்பு தொடங்கியது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகள் ஆய்வில் சேர்ந்தன. பாதி வீடுகளுக்குப் புகைபோக்கி அடுப்பு முதலில், மற்றவர்களுக்கு ஆய்வு முடிந்தபின். அடுப்பைக் கட்டியவர்கள் உள்ளூர்க் கொத்தனார்கள். குழந்தைக்கு ஒன்றரை வயது ஆகும்வரை களப்பணியாளர்கள் வாராவாரம் வீடு தேடிப் போனார்கள். 2011இல் முடிவு வெளியானது: கடும் நிமோனியா மூன்றில் ஒரு பங்கு அளவு குறைந்திருந்தது, ஆனால் மொத்த நிமோனியாவில் உறுதியாகச் சொல்லும்படியான குறைவு இல்லை. அத்தனை வருட உழைப்புக்கே இவ்வளவு நிதானமான விடை என்றால், ஒரு கோடையில் நாலு அடுப்புக்குச் செங்கல் சுமந்துவிட்டு ‘வாழ்க்கையை மாற்றினோம்’ என்று எப்படி எழுதத் துணிகிறார்கள்? அந்தச் செங்கலைச் சுமந்திருந்தால் உள்ளூர் இளைஞன் ஒருவனுக்குக் கூலி கிடைத்திருக்கும்.

வந்து உருப்படியாகச் செய்த இன்னொருவரான மொழியியலாளர் நோரா இங்லண்ட் வேறு வழியில் போனார். மாயா இலக்கணத்தைத் தானே எழுதிப் பெயர் வாங்குவதோடு நிற்காமல் மாயா இளைஞர்களை மொழியியலாளர்களாகப் பயிற்றுவித்தார். 1990இல் உருவான ஓக்‌ஷ்லாஹூஹ் கேஹ் என்ற குழுவில் அவர்கள் தங்கள் மொழிகளுக்குத் தாங்களே இலக்கண நூல்கள் எழுதினார்கள்.

இன்டர்ன்கள் கட்டும் பணத்தால்தான் நிறுவனம் ஓடுகிறது, அவர்களைக் குறை சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பணம் உதவுகிறது என்றால் அதைக் கல்விக் கட்டணம் என்றே வாங்குங்கள். கற்றுக்கொடுக்கும் உள்ளூர்ப் பெண்ணுக்கு ஆசிரியர் சம்பளம் கொடுங்கள். எந்த வேலைக்கு ஆள் வேண்டும், யார் வேண்டும், எத்தனை நாள் வேண்டும் என்பதைக் கிராமச் சபை முடிவு செய்யட்டும். வேண்டாம் என்று சொல்லவும் அதற்கு உரிமை இருக்கட்டும். இப்படி நடத்த முடியும் என்பதற்குக் குவாத்தமாலாவிலேயே முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் டுலேன் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திவந்த ஆறு வாரக் கோடைக்காலக் கக்சிகேல் வகுப்பில் மாயா ஆசிரியர்கள் பாடம் நடத்தினார்கள். வெளிநாட்டு மாணவர்கள் கட்டணம் கட்டி, எதிரே உட்கார்ந்து படித்தார்கள். அடுத்த ஜூனில் மலைநாட்டுக்குக் கிளம்பும் மாணவர் முதலில் அப்படி ஒரு வகுப்பில் போய்ச் சேரட்டும்.