கணுவிடையில் ஒரு காவல்காரன்

களக்காடு முண்டந்துறை என்றால் நமக்குப் புலிதான். அதே மலையின் ஓடைக்கரைகளில் புதர்புதராக நிற்கும் நாணல் மூங்கிலை யாரும் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. மலையாளத்தில் ஈற்ற என்பார்கள்; கூடை முடைய உதவும், காகித ஆலைக்கும் போகும். அதன் கணுவிடைக்குள் ஒரு தவளை குடும்பம் நடத்துகிறது.

பச்சை நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, கட்டைவிரல் அகலமே இருக்கும் புதர்த்தவளை. ரவோர்கெஸ்டஸ் சலசோடஸ் என்பது அறிவியல் பெயர். 1876-இல் குந்தர் விவரித்தபின் நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேல் யார் கண்ணிலும் படவில்லை. காணாமல்போன தவளைகளைத் தேடிய எஸ்.டி. பிஜு குழு, மீண்டும் கண்டெடுத்ததாக 2011-இல் அறிவித்தது. தவளை எங்கும் போய்விடவில்லை. நாம்தான் மூங்கிலுக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

பூச்சியோ எலியோ கடித்துவைத்த மெல்லிய கீறல் வழியாக ஆண் தவளை உள்ளே நெளிந்து நுழைகிறது. உள்ளிருந்தே கூப்பிடுகிறது. பெண் வந்து சில முட்டைகளை உள்சுவரில் ஒட்டிவிட்டுக் கிளம்பிவிடும். அதன்பின் காவல் முழுக்க அப்பன் பொறுப்பு. குளமும் தலைப்பிரட்டையும் இதன் வாழ்வில் கிடையாது. முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளைதான். இதைக் கண்டறிந்த கே.எஸ். சேஷாத்ரியும் சக ஆய்வாளர்களும் 2015-இல் எழுதினார்கள். காவலுக்கு நிற்கும் ஆணை அப்புறப்படுத்தினால், அதே இனத்து மற்ற ஆண்களே முட்டைகளைத் தின்றுவிடுவதும் பின்னர் தெரியவந்தது. நம் பாட்டிகள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

ஆக, இந்தத் தவளைக்கு வேண்டியது வெறும் காடு அல்ல. மூங்கில் இருக்க வேண்டும், அதில் கீறல் இருக்க வேண்டும், கீறல் போடும் உயிரும் இருக்க வேண்டும். காட்டை ஏக்கரில் அளக்கும் நம் கணக்கில் இந்தச் சங்கிலிக்கு இடமில்லை.

இப்போது இதைச் சொல்லக் காரணம் உண்டு. இதே மலையில் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போன தேயிலை நிலத்தின் காலக்கெடு 2028-இல் முடிகிறது. அங்கே உழைத்தவர்களின் மறுவாழ்வு தனியே பேச வேண்டிய பெரிய விஷயம். நிலம் காடாகத் திரும்பும்போது நாம் செய்யப்போவது பெரும்பாலும் மரம் நடுவதுதான். அதற்குத்தான் படம் எடுக்க முடியும். பள்ளத்தில் எஞ்சிய நாணல் மூங்கில் அந்தப் படத்தில் களையாகத்தான் தெரியும். அதைச் சுத்தம் செய்யாமல் விட்டுவைப்பதுதான் முதல் வேலை என்பேன். அறுக்கத்தான் வேண்டுமென்றால், மழைக்காலம் கழியட்டும். அந்த மாதங்களில் வெட்டிக் கட்டும் ஒவ்வொரு கட்டிலும் ஒரு கணுவிடையில் அப்பன் உட்கார்ந்திருக்கலாம்.