மெஷின் ஓடுது... மூக்குக்குக் காத்து வருதா?

"மூச்சு முட்டுதும்மா..."

"மெஷின் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு மாமா? பச்சை லைட்டும் எரியுது. பயப்படாம படுங்க."

வீட்டில் ஆக்சிஜன் வைத்திருக்கும் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் உரையாடல் இது. மருமகள் பொய் சொல்லவில்லை. மெஷின் ஓடுகிறது, பச்சை விளக்கும் எரிகிறது. ஆனால், மெஷினுக்கும் மாமனாரின் மூக்குக்கும் நடுவில் ஒரு பாட்டில், ஒரு மூடி, சில மீட்டர் நீள ட்யூப் எல்லாம் இருக்கின்றன. கோளாறு அங்கே இருந்தால் பச்சை விளக்கு பெரும்பாலும் காட்டிக்கொடுக்காது. மூச்சு முட்டுகிறவருக்குத்தான் தெரியும். அவர் சொன்னால் முதலில் நம்ப வேண்டும். அடுத்து, ட்யூபின் மூக்கு முனையில் சோதிக்க வேண்டும்.

வருடக்கணக்கில் பீடி, சிகரெட் பிடித்தவர்கள், விறகடுப்புப் புகையிலேயே சமைத்த அம்மாக்கள், நுரையீரல் தழும்பேறிப் போனவர்கள் எனப் பலருக்கு இன்று வீட்டிலேயே ஆக்சிஜன் தேவைப்படுகிறது. சி.ஓ.பி.டி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்தவர்களுக்கு, தினமும் 15 மணி நேரமாவது ஆக்சிஜன் கொடுத்தால் ஆயுள் கூடுகிறது என்று 1981-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. அந்த 15 மணி நேரமும் மெஷின் ஓடினால் மட்டும் போதாது, காற்று மூக்குக்குள் போக வேண்டும்.

மெஷின் என்ன செய்கிறது?

நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவிகிதம்தான். மீதி பெரும்பாலும் நைட்ரஜன். கான்சென்ட்ரேட்டருக்குள் இருக்கும் ஜியோலைட் என்ற மணிகள் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அதனால் வெளியே வரும் காற்றில் ஆக்சிஜன் 90 சதவிகிதத்துக்கு மேல் இருக்கிறது. ஆன் செய்தவுடனே இந்த அளவு வந்துவிடாது, சில நிமிடங்கள் ஆகும்.

இங்கே இரண்டு கணக்குகள் இருக்கின்றன. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்பது ஒன்று. அதில் எத்தனை சதவிகிதம் ஆக்சிஜன் என்பது இன்னொன்று. முதல் கணக்கை வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டாவதைப் பார்க்க ஆக்சிஜன் அனலைஸர் வேண்டும். சர்வீஸ் செய்ய வருபவரிடம் கேட்டு அளக்கச் சொல்லுங்கள். 2021 கொரோனா அலையில் வாங்கிப் பரணில் போட்ட மெஷினைச் சொந்தக்காரர்களிடமிருந்து வாங்கிப் பயன்படுத்தினால், இந்தச் சோதனை முடிந்த பிறகே நோயாளிக்கு மாட்ட வேண்டும்.

டம்ளர் தண்ணீர் சோதனை

காலையும் இரவும் இரண்டு நிமிடம் ஒதுக்கினால் போதும்.

முதலில் ஃப்ளோ மீட்டர். கண்ணாடிக் குழாய்க்குள் மிதக்கும் குண்டின் நடுப்பகுதி, டாக்டர் சொன்ன எண்ணின் கோட்டில் நிற்க வேண்டும். நின்றபடி மேலிருந்து பார்த்தால் அளவு தப்பாகத் தெரியும். குனிந்து, கண்ணை அந்தக் கோட்டுக்கு நேராக வைத்துப் பாருங்கள். வீடு பெருக்கும்போதோ, பேரப்பிள்ளைகள் விளையாடும்போதோ குமிழ் திரும்பியிருக்கலாம். சரியான எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டிவைத்தால் யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லலாம்.

அடுத்து, மூக்கில் மாட்டும் ட்யூபின் இரண்டு முனைகளையும் ஒரு டம்ளர் சுத்தமான தண்ணீரில் லேசாக அமிழ்த்துங்கள். இரண்டிலிருந்தும் குமிழி வந்தால் காற்று வருகிறது. பிறகு தண்ணீரை நன்றாக உதறி, துடைத்துவிட்டு மாட்டுங்கள். தோளில் மாட்டிச் செல்லும் சிறிய மெஷின்களில் பல, மூச்சை இழுக்கும்போது மட்டும்தான் காற்றை விடும். அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அந்த மெஷினில் காட்டும் '2' என்ற எண்ணும் நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று அர்த்தமாகாது.

குமிழி வரவில்லையா?

மூக்கிலிருந்து மெஷினை நோக்கி ஒவ்வொன்றாகப் பாருங்கள். கட்டில் காலுக்கு அடியில் ட்யூப் நசுங்கியிருக்கிறதா? தலையணைக்கு அடியில் மடிந்திருக்கிறதா? உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கிறதா? இணைப்பு எங்காவது கழன்றிருக்கிறதா?

எல்லாம் சரி என்றால், தண்ணீர் பாட்டிலைச் சந்தேகப்படுங்கள். தண்ணீரை மாற்றிவிட்டு அவசரத்தில் மூடியைக் கோணலாகத் திருகினால், பாட்டிலுக்குள் குமிழி வரும், மூக்குக்கு மட்டும் காற்று போகாது. பாட்டிலிலிருந்து வெளியேறும் ட்யூபைச் சில விநாடிகள் மடக்கிப் பிடியுங்கள். குமிழி நின்றுவிட வேண்டும், அல்லது விசில் போன்ற சத்தம் கேட்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் மூடி வழியாகக் காற்று கசிகிறது. கழற்றி நேராகத் திருகுங்கள். பாட்டிலில் காய்ச்சி வடிகட்டிய நீரையோ, கொதிக்கவைத்து ஆறவைத்த நீரையோ இரண்டு கோடுகளுக்கு இடையில் நிற்கும்படி ஊற்றி, தினமும் மாற்றுங்கள்.

குண்டே மேலே ஏறவில்லை என்றாலோ, மெஷின் அலாரம் அடித்தாலோ ஃபில்டரில் தூசி அடைத்திருக்கிறதா, மெஷின் சுவரை ஒட்டி நிற்கிறதா, திரைச்சீலை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். சுற்றிலும் ஓர் அடியாவது இடம் வேண்டும். வெளிப்புற ஃபில்டரை வாரம் ஒரு முறை கழுவி, ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டுங்கள்.

இத்தனையும் நோயாளி ஓரளவு நன்றாக இருக்கும்போது செய்ய வேண்டியவை. உதடு நீலமானாலோ, பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உடனே சிலிண்டருக்கு மாற்றிவிட்டு 108-ஐ அழையுங்கள். மெஷினை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கூட்டிவைத்தால் நல்லதா?

'மூச்சு வாங்குதே, 2-ஐ 4 ஆக்கினா என்ன?' என்று தோன்றும். பாசத்தில் செய்யும் தவறு இது. சி.ஓ.பி.டி நோயாளிகள் சிலருக்கு அளவுக்கு மீறி ஆக்சிஜன் கொடுத்தால் உடலில் கரியமில வாயு தேங்கும். காலையில் தலைவலி, பகலிலும் விடாத தூக்கம், குழப்பமான பேச்சு ஆகியவை அதன் அறிகுறிகள். அதனால்தான் இவர்களில் பலருக்கு 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்கிறார்கள் டாக்டர்கள். பல்ஸ் ஆக்சிமீட்டரில் 98 காட்ட வேண்டும் என்று ஆசைப்படக் கூடாது. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு எந்த எண் சரி என்று டாக்டரிடம் கேட்டு எழுதிவையுங்கள். நெயில் பாலிஷ் இருந்தாலோ, விரல் சில்லிட்டிருந்தாலோ அளவு தப்பாகக் காட்டலாம். விரலைத் தேய்த்துச் சூடாக்கி, எண் நிலையாக நின்ற பிறகு குறித்துக்கொள்ளுங்கள்.

கரன்ட் போனால்?

சிலிண்டர் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுவையுங்கள். வீடுகளில் அதிகம் பயன்படும் பி டைப் சிலிண்டர் முழுதாக இருந்தால் சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 750 நிமிடம், அதாவது பன்னிரண்டரை மணி நேரம். 4 லிட்டர் என்றால் அதில் பாதி. அழுத்தமானியின் முள் பாதிக்கு இறங்கினால் நேரமும் பாதியாகிவிடும். மாதம் ஒரு முறையாவது சிலிண்டரைத் திறந்து, முள் நகர்கிறதா, டம்ளரில் குமிழி வருகிறதா என்று பாருங்கள். ஸ்பேனர் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். நடுராத்திரியில் தேட முடியாது.

நெருப்பு விஷயத்தில் சமரசமே கூடாது. ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால், பக்கத்தில் எரியும் எதையும் கொழுந்துவிட்டு எரிய வைத்துவிடும். அந்த அறையில் பீடி, சாமி விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள் எதுவும் வேண்டாம். மூக்கு வறண்டால் தேங்காய் எண்ணெய், வாஸலின் தடவாமல், தண்ணீரில் கரையும் ஜெல்லை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். சிலிண்டர் வால்வில் எண்ணெய்க் கை படவே கூடாது. ட்யூபைக் கழற்றிப் படுக்கையில் போடும்போது மெஷினை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் போர்வைக்குள் ஆக்சிஜன் தேங்கிவிடும்.

இன்றைக்கே ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதி மெஷினுக்கு மேல் சுவரில் ஒட்டுங்கள்: டாக்டர் சொன்ன லிட்டர் அளவு, இருக்க வேண்டிய ஆக்சிமீட்டர் எண், சிலிண்டர் தாங்கும் நேரம், சர்வீஸ்காரர் போன் நம்பர். அப்புறம் பள்ளிக்கூடம் போகும் பேத்திகூட அதைப் பார்த்து, ஒரு டம்ளர் தண்ணீரோடு தாத்தாவின் மூச்சைச் சரிபார்த்துவிடுவாள்.