பருவம் தப்பிய கடப்பாரை

'போன்சாய்' எனும் குறுமரக் கலையை நான் பழிக்கவில்லை. ஒரு சட்டிக்குள் மலைமரத்தின் முதுமையைக் காட்டும் அக்கலை போற்றத்தக்கதே. நான் எதிர்ப்பது, அக்கலையின் பெயரால் கடப்பாரையுடன் மலையேறும் அவசரத்தை. அதிலும், வளர்பருவம் முடியும் வேளையில் காட்டுமரத்தைப் பெயர்த்தெடுக்கும் அறியாமையை.

காற்றாலும் பனியாலும் குறுகி வளர்ந்த மரத்தை மலையிலிருந்து தோண்டிக் கொணர்வதை ஜப்பானியர் 'யாமாதோரி' என்பர். குளிர் நீங்கி, மொட்டு விரியுமுன் உள்ள இளவேனில் தொடக்கமே அதற்கு உகந்த காலம் என்பது அனுபவமுடையோர் கண்ட முடிவு. அப்பொழுது வேரிலும் தண்டிலும் சேமித்த உணவு நிறைந்திருக்கும். அறுபட்ட வேர் மீண்டும் தழைக்க ஒரு முழுப் பருவம் எஞ்சியிருக்கும். கோடை கழிந்தபின் தோண்டினால் நிகழ்வதென்ன? நீரை உறிஞ்சும் நுண்வேர்கள் அறுபடுகின்றன. இலைகளோ நீரை இழந்தவண்ணம் உள்ளன. புதுவேர் ஊன்றுமுன் மண் உறைந்துவிடுகிறது. தேர்வுக்கு முந்திய வாரத்தில் மாணவனைப் பள்ளி மாற்றிவிட்டு, அவன் தேறவில்லையே என்று குறைகூறுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

"இலையுதிர் காலத்திலும் வேர் வளருமே!" என்பார் சிலர். வளரும், மறுக்கவில்லை. குளிர் மிதமான நிலத்தில், உறைபனி தீண்டாத காப்பிடம் உடைய கைதேர்ந்தோர் அக்காலத்தில் எடுத்துப் பிழைக்க வைப்பதுண்டு. வல்லுநரின் விதிவிலக்கைக் கற்றுக்குட்டி விதியாக்கிக்கொள்வது தகுமா? "மரம் பச்சையாகத்தானே இருக்கிறது!" என்பது அவர்தம் அடுத்த வாதம். ஜூனிப்பர் போன்ற மரங்கள் வேர் செத்த பின்னும் பல வாரங்கள் பச்சை காட்டும். அதை நம்பி வாங்கியவன் வீட்டில்தான் அது பழுத்துக் காயும்.

ஜப்பானின் ஷிகோகுத் தீவிலுள்ள இஷிசுச்சி மலையிலும், நீகாத்தா மாவட்டத்து இத்தோய்காவாப் பகுதியிலும் வளர்ந்த 'ஷிம்பாகு' எனும் ஜூனிப்பரை, இருபதாம் நூற்றாண்டில் கயிற்றில் தொங்கியவாறு பாறைப் பிளவுகளிலிருந்து பெயர்த்தெடுத்தனர். அங்கெல்லாம் அதன் முதுமரங்கள் அருகிவிட்டன. இத்தனைக்கும் ஷிம்பாகு, கிளையை வெட்டி நட்டாலே வேர்விடும் இனம்!

நம் நாட்டில் உறைபனி இல்லை; ஆகவே இச்செய்தி நமக்கன்று எனக் கருதவேண்டா. கடலோரப் பாறைகளில் மெல்ல வளரும் மெந்திகி மரத்தையும் இதே கடப்பாரை தேடுகிறது. நிரந்தரக் காப்புக் காடுகளில் உரிமமின்றி வனப்பொருள் எடுப்பது 1984ஆம் ஆண்டுத் தேசிய வனச் சட்டப்படி குற்றமாகும். சட்டம் எட்டாத இடத்தில் மனச்சான்றேனும் நம்மைத் தடுக்கவேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே! பள்ளித் தோட்டத்தில் குறுமரம் வளர்க்க விரும்பின், விதையிலிருந்தோ நட்ட கிளையிலிருந்தோ தொடங்குங்கள். மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வளர்க்கட்டும். பல்லாண்டு நின்ற மரத்தை ஒரே பிற்பகலில் பெயர்த்து வருபவனைக் கலைஞன் என்று அவர்களுக்குக் காட்டாதீர்கள்.