காப்பாற்ற வருவோனைக் காப்பது யார்?

"குளவி கலைந்துவிட்டது!" என்ற கூக்குரல் தேயிலைச் சரிவில் எழுந்தால் அதன் பொருள் என்னவென்று மாத்தளை மாவட்டத்துத் தோட்டமக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. கூடையை எறிந்துவிட்டு ஓடுவோர் சிலர். ஓட இயலாது நிரைக்கிடையில் வீழ்வோர் சிலர். வீழ்ந்தவர்களைக் கொழுந்து லொறியில் ஏற்றி, உயிர் தங்குமோ தங்காதோ என்று மலையிறங்கிய காலம் ஒன்றிருந்தது. இன்று 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வருகிறது. 2016ஆம் ஆண்டில் இந்திய அரசின் நன்கொடையோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் நாடெங்கும் விரிந்த சேவை அது. கட்டணம் இல்லை. துரைக்கும் தொழிலாளிக்கும் ஒரே வண்டி. நன்மையை நன்மையென்று வாயாரச் சொல்ல நாம் தயங்கோம்.

ஆனால் அவ்வண்டியில் வருவோர் எத்தனை பேர்? சாரதி ஒருவர், அவசர மருத்துவ உதவியாளர் ஒருவர். இருவரே. அவர்களுக்கும் வீட்டில் வழிபார்த்திருக்கும் தாய் உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப்பார்த்திருக்கிறோம்?

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் நானே கண்டதைச் சொல்கிறேன். குளவிக் கொட்டுக்கு ஆளாகி ஒரு பெண் மலையில் கிடந்தாள். விரைந்து வந்த அம்புலன்ஸ் இருநூறு யார் தூரத்திலேயே நின்றுவிட்டது. குளவிகள் அடங்கவில்லை. உதவியாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே இருந்தார். கூட்டம் கொதித்தது. "சம்பளம் வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கவா வந்தாய்?" என்று ஏசினர். ஓர் இளைஞன் கல்லையும் எடுத்துவிட்டான். என் மனமும் அவ்வேளை அந்தக் கூட்டத்தின் பக்கமே நின்றது, அதை மறைப்பதற்கில்லை. இறுதியில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு சென்ற தொழிலாளர் இருவர் அவளை மெல்ல இழுத்து வந்தனர். அதன்பின் அந்த உதவியாளர் செய்த வேலையைக் கண்டபோதுதான் நான் வெட்கினேன். அவரும் கொட்டுண்டு வீழ்ந்திருந்தால் ஊசி போடும் கை எங்கே? ஒரு நோயாளி இருந்த இடத்தில் இருவர் இருந்திருப்பர். வைத்தியம் தெரிந்தவர் ஒருவரும் இருந்திரார். ஒரு குளவியை அடித்து நசுக்கினால் அதிலிருந்து எழும் வாடையே மற்றவற்றையும் திரட்டி அழைக்கும் என்பதை அவர் அறிவார். ஏசிய நாம் அறியவில்லை.

தூரத்தில் நிற்பது கோழைத்தனமன்று, தொழிலறிவு. எனினும் இது வழக்கின் ஒரு பாதிதான். மறு பாதி, ஆபத்தை உண்டாக்கி வைத்தவன் பொறுப்புப் பற்றியது.

1959ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த பேக்கர் வழக்கைச் சட்டம் பயின்றோர் அறிவர். பண்ணைக் கிணறு ஒன்றைத் துப்புரவாக்கப் பெற்றோல் பம்பொன்றைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி ஓட்டினார்கள். புகை உள்ளே தேங்கிற்று. இறங்கிய தொழிலாளர் இருவர் மயங்கினர். அழைக்கப்பட்டு வந்த வைத்தியர் பேக்கர், தீயணைப்புப் படை வரும்வரை பொறுக்குமாறு சொன்னதையும் கேளாது, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். மூவரும் மாண்டனர். "அவர் தாமாகத்தானே இறங்கினார்?" என்று கொம்பனி வாதாடிற்று. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தான் விளைவித்த ஆபத்தினின்று பிறரை மீட்க வந்தவனைப் பார்த்து "நீயாக வந்தாய்" என்று சொல்லத் தவறிழைத்தவனுக்கு வாயில்லை என்பதே தீர்ப்பின் சாரம். வெருண்டோடிய குதிரைகளை அடக்கிக் காயமுற்ற பொலிஸ்காரரின் 1935ஆம் ஆண்டு வழக்கிலும் இதே முடிவுதான். நமது தீங்கியல் சட்டம் உரோம ஒல்லாந்த மரபினதாயினும், இத்தகைய ஆங்கிலத் தீர்ப்புகளை நமது நியாயவாதிகள் எடுத்துக்காட்டாமல் இருப்பதில்லை.

இங்கிலாந்துக் கிணற்றுக் கதை நமக்கெதற்கு என்று கலேவலையிலும் தம்புள்ளையிலும் பெரிய வெங்காயம் பயிரிடும் அன்பர்கள் கேட்க மாட்டார்கள். கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் பம்பையும் கிணற்றுக்குள் இறக்கிவைக்கும் பழக்கம் அவர்களுக்குப் புதிதன்று. எரிந்த எண்ணெயிலிருந்து பிறக்கும் காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தம்பி வீழ்ந்தானென்று அண்ணன் இறங்குவான். அண்ணனைத் தேடித் தந்தை இறங்குவார். இயந்திரத்தை நிறுத்திவிட்டாலும் நஞ்சு உடனே வெளியேறாது. சுவாசக் கருவியின்றி எவரையும் இறங்க விடாதீர்கள், அம்புலன்ஸில் வந்தவரையுங்கூட.

காட்டுப் பன்றிக்காக வேலியில் மின்சாரம் பாய்ச்சும் கொடுமையும் உண்டு. அது சட்டவிரோதம், உயிர்க்கொலைக்கு ஒப்பானது. கம்பியில் சிக்கியவனைத் தொட்டவனும் மாள்வான். ஆயினும் வழக்கு வருமே என்றஞ்சி, கம்பியைப் பற்றி அம்புலன்ஸ்காரரிடம் வாய்திறவாது நிற்போர் உளர். வழக்கறிஞன் என்ற முறையில் அவர்களுக்கு ஒன்று சொல்வேன்: நீங்கள் மறைப்பதால் ஒரு மரணம் இரண்டாகும், வழக்கும் அத்தோடு இரட்டிக்கும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கம்மடுவையில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை கொட்டிற்று. மலை சரிந்தது, பாதைகள் அறுந்தன. அந்நாட்களில் நிவாரணப் பணியிலிருந்த விமானப்படை ஹெலிகொப்டர் லுணுவிலையில் வீழ்ந்து விமானி மாண்டார். சுண்டிக்குளத்தில் கடற்படையினர் ஐவர் மாண்டனர். ஒருமுறை சரிந்த மலை மறுமுறையும் சரியும். மண்ணுக்குள் கிடப்பவனை மீட்கச் செல்வோனுக்கு மேலே என்ன தொங்குகிறதென்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் நிற்க வேண்டாமா?

இனி அரசாங்கத்திடம் கேட்கவேண்டியதைக் கேட்போம். தமிழில் அரசோடு தொடர்புகொள்ளவும் தமிழிலேயே பதில் பெறவும் உள்ள உரிமையை 1988ஆம் ஆண்டின் அரசியலமைப்புப் பதினாறாம் திருத்தம் உறுதிசெய்தது. அது கச்சேரியில் படிவம் நிரப்புவதற்கு மட்டும் எழுதப்பட்டதா? "கம்பியிலே கரண்டு இருக்கு, கிட்டப் போகாதீங்க ஐயா!" என்று லயத்து வாசலில் ஒரு கிழவி கதறுகிறாள். கதறுவது புரியாத சாரதி அடுத்த அடியை எடுத்து வைக்கிறார். இங்கே மொழியுரிமை யாருடைய உயிரைக் காக்கிறது? தமிழனுடையதை மட்டுமா? சிங்களத் தாய் பெற்ற அந்தச் சாரதியின் உயிரையும் அன்றோ! தொலைபேசியை எடுப்பவருக்குத் தமிழ் தெரிந்தால் மட்டும் போதாது. தோட்டப்புறங்களுக்கு வரும் இருவரில் ஒருவருக்காவது தமிழ் தெரிந்திருத்தல் வேண்டும்.

தோட்டக் கொம்பனிகளுக்கும் கேள்வி உண்டு. வரைபடத்தில் ஒரு பெயர், பழைய துரை வைத்த பெயர் வேறு, நம் மக்கள் வழங்கும் பெயர் இன்னொன்று. இரவில் வரும் வண்டி எந்தப் பிரிவென்று தேடும்? வளைவுதோறும் மும்மொழியிலும் பெயர்ப்பலகை நாட்டப் பெருஞ்செலவாகுமா? குளவிக்கூடு தென்பட்ட மலைக்கு ஆட்களை அனுப்பாதிருக்கவும், கொட்டுண்டோரைத் தூக்கிவரப் பயின்ற நால்வரைப் பிரிவுக்குப் பிரிவு நியமித்து முகமூடியும் தடித்த உடையும் கொடுத்து வைக்கவும் நிர்வாகத்தால் முடியாதா? கொழுந்தின் நிறையில் ஒரு கிலோ குறைந்தால் கணக்குக் கேட்பவர்களுக்கு இதுவும் ஒரு கணக்குத்தானே.

இக்கோரிக்கைகளை எழுத்தில் வடித்து மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் முன் வைக்கவிருக்கிறோம். தத்தம் தோட்டத்தில், வயலில், பாதையில் உள்ள அபாய இடங்களைக் குறித்துத் தொழிலாளரும் விவசாயிகளும் நமக்கு எழுதுக. எந்தப் பிரிவு, எந்த வளைவு, எந்தக் கிணறு என்று தெளிவாக எழுதுக.