ஆசியாவின் தென்கோடி

வடக்கே சைபீரியாவின் செல்யூஸ்கின் முனையில் உறைபனிக் கடலோரம் தொடங்கி, ஊசியிலை வனங்களையும் கோபி பாலைவனத்தையும் 8,849 மீட்டர் உயர்ந்த இமயச் சிகரத்தையும் தன்னுள் அடக்கிய ஆசியப் பெருங்கண்டத்தின் தொடர்நிலம், பூமத்திய ரேகைக்குச் சற்றே வடக்கில், நமது ஜொகூரின் பொந்தியான் மாவட்டத்துத் தஞ்சோங் பியாய் என்னும் சேற்று முனையில் முடிவடைகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் சிந்தித்திருக்கிறோம்? நாம் தென்கோடியெனப் போற்றும் கன்னியாகுமரியும் இதற்கு ஏறக்குறைய ஏழு பாகை வடக்கேயே இருக்கிறது.

அம்முனையை ரட்சித்து நிற்பவை கண்டல் விருட்சங்கள். பின்னிக் கிடக்கும் அவற்றின் வேர்கள் அலையின் வேகத்தைத் தணித்து, வண்டலைப் பற்றி நிறுத்தி, மீனுக்கும் நண்டுக்கும் புகலிடம் தருகின்றன. 2003-ஆம் ஆண்டு ராம்சார் உடன்படிக்கையின்கீழ் சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக அங்கீகரிக்கப்பட்ட இப்பிரதேசத்தின் கரையை, மலாக்கா நீரிணையில் ஓயாது செல்லும் கப்பல்கள் எழுப்பும் அலைகள் அரித்து வருகின்றன.

ஆகையால், அலைத்தடுப்புகளை அமைப்பதோடு அமையாமல், கண்டற்கன்றுகளை நட்டுப் பேணுவதும், அண்மைக் கடலைத் தூர்க்கும் எத்திட்டத்தையும் அனுமதிக்குமுன் அதன் விளைவை ஆராய்ந்து பகிரங்கப்படுத்துவதும் அரசாங்கத்தின் கடமை. நம் தமிழ்ப்பள்ளி மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று பூகோள பாடத்தைப் பிரத்தியட்சமாகக் கற்பிப்பது நமது கடமை.