நட்சத்திரம் தெரிந்தால் ஆபத்து!

ஊட்டிக்குப் பக்கம், எங்கள் தலைகுந்தாவில் ஜனவரி என்றால் தேங்காய் எண்ணெயை அடுப்போரம் வைத்துக் கெஞ்ச வேண்டும். 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைகிற ஜாதி. இங்கே சில விடியற்காலைகளில் பூஜ்யம்! குளியலா? அதெல்லாம் மத்தியான சமாசாரம் ஸார்.

ராத்திரி மேகம் இருந்தால் பிழைத்தோம். நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தால் வயிற்றில் புளி கரைக்கும். பூமிச் சூடெல்லாம் மேலே ஓடி, விடிந்தால் புல்லெல்லாம் வெள்ளை. டூரிஸ்ட்டுகள் "ஐஸ்! ஐஸ்!" என்று போட்டோ எடுப்பார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரோ, வெயில் படுவதற்குள் ஸ்பிரிங்க்ளரைத் திருப்பிக் கேரட்டின் மேல் படிந்த பனியைக் கழுவிக்கொண்டிருப்பார். தேயிலையென்றால் முதல் நாளே தழை போட்டு மூடணும். இல்லாவிட்டால் கொழுந்து கருகிவிடும்.

"அழகா இருக்குல்ல தாத்தா?" என்றது ஒரு டூரிஸ்ட் குழந்தை.

"ஆமா கண்ணு. கேரட் பிழைச்சா உனக்கும் ஒண்ணு தர்றேன்."