பேய் ஸ்டாம்ப்: யாருக்கு லாபம்?

கனடாவின் பான்ஃப் ஸ்பிரிங்ஸ் ஹோட்டலில் மணப்பெண் பேய் ஒன்று உலவுவதாகக் கதை. 2014-ல் கனடா போஸ்ட் அந்தப் பேய்க்கே ஸ்டாம்ப் வெளியிட்டது. 2016-க்குள் இப்படி மூன்று பேய் செட். அமெரிக்காவும் சும்மா இல்லை: 1997-ல் டிராகுலா, மம்மி, ஃபிராங்கன்ஸ்டைன் (கடைசி இரண்டிலும் இருப்பது ஒரே நடிகர், போரிஸ் கார்லோஃப்!), 2016-ல் ஹாலோவீன் பூசணி.

கடிதமே குறைந்துபோன காலத்தில் இதெல்லாம் எதுக்கு? கணக்கு சிம்பிள். ஸ்டாம்ப் என்பது முன்கூட்டியே கட்டும் தபால் கூலி. வாங்கியவர் அதை ஆல்பத்தில் வைத்துவிட்டால், தபால்காரர் எதையும் சுமக்க வேண்டாம். அச்சுச் செலவு, விற்பனைச் செலவு போக மீதி லாபம்தான். பேய் என்றால் ஸ்டாம்ப் சேர்க்காதவர்கள்கூட ஆசைப்பட்டு வாங்குவார்கள்.

பிடித்து வாங்கினால் ஓகே. 'பின்னாடி நல்ல விலைக்குப் போகும்' என்று வாங்குவதுதான் ரிஸ்க். லட்சக்கணக்கில் அச்சாகிறது, வாங்கியவர்களும் கசங்காமல் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அப்புறம் எப்படி அரிதாகும்?